மாடல் என்பது மாதிரி அன்று

தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய காரைக்குடியிலேயே, கணினி பயிலும் பிள்ளைகளின் கையேடுகளில் ‘மாதிரி உந்துதல் மேம்பாடு’ என்னும் தொடர் தயக்கமின்றிப் புழங்குகிறது. ‘மாடல் டிரிவன் டெவலப்மென்ட்’ என்பதன் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி முதலில் காட்டிய சொல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்றுகூடப் பொருளைத் தொடவில்லை.

தகவல் அமைப்பு ஒன்றின் பயனர் இடைமுகத்தை, அதாவது பயனர் பார்த்துத் தொட்டு இயக்கும் திரைகளை, ஒவ்வொன்றாக நிரலெழுதிச் செய்யாமல், எந்தத் தகவல் எங்கே தோன்றும், எதைத் தொட்டால் எது திறக்கும் என்பதை முறைப்படி வரைந்துவைத்து, அவ்வரைவிலிருந்து நிரலை முழுவதுமாகவோ பகுதியாகவோ கருவியைக் கொண்டு ஆக்கிக்கொள்வதே இங்கே பொருள். மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓ.எம்.ஜி. என்னும் அமைப்பு 2001இல் எம்.டி.ஏ. என்ற பெயரில், வரைவிலிருந்து நிரலை ஆக்கும் இந்த அணுகுமுறையை மென்பொருள் முழுமைக்குமாக முன்வைத்தது. இடைமுகத்துக்கென அது பின்னர் ஏற்றுக்கொண்ட ஐ.எஃப்.எம்.எல். என்னும் வரைவு மொழி, மிலான் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையதளங்களை வரைவதற்கெனப் பிறந்த வெப்எம்எல் மொழியின் வழிவந்தது. ‘மாடல்’ என்ற சொல்லோ சிற்றளவைக் குறிக்கும் இலத்தீன் ‘மோடுலுஸ்’ என்பதிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வாங்கப் போகிறவருக்குக் கடைக்காரர் எடுத்துக் காட்டும் ஒற்றைக் கல்தான் மாதிரி. அது செய்து முடித்த பொருள். மற்றவையும் இப்படியே இருக்கும் என்பதற்குச் சான்று. நாம் பேசும் மாடல் செய்து முடித்த பொருளே அன்று. ‘வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தால் அவருடைய கடன் விவரம் தோன்றும்’ என்று வரைந்துவிட்டால், மேசைக் கணினியில் இரண்டும் ஒரே திரையில் அருகருகேயும், கைப்பேசியில் அடுத்தடுத்த திரைகளிலும் வரச் செய்யலாம். ஆகவே ‘அச்சு’ என்பதும் ஒவ்வாது. ஆத்தங்குடித் தகட்டச்சில் ஒரே பூதான் விழும்.

இன்னொரு தொல்லை ‘முன்மாதிரி’. பயனரிடம் காட்டிக் கருத்துக் கேட்கச் செய்யும் ‘புரோட்டோடைப்’புக்கு அச்சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘மாதிரியிலிருந்து முன்மாதிரியை உருவாக்குக’ என்று வினாத்தாளில் வந்தால், எது முன், எது பின் என்று மாணவர் எப்படி அறிவார்? ‘படிவம்’ என்பாரும் உண்டு. திரைக்குத் திரை நிரப்புவதற்கென்றே படிவங்கள் இருக்கும் துறையில் இதைவிடப் பொருந்தாத சொல் கிடைக்காது. ‘ஒப்புரு’ கேட்க அழகுதான், ஆனால் ஒப்பிடுவதற்கு முதலில் ஒரு பொருள் இருக்க வேண்டுமே.

‘உந்துதல்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்வழிக் கல்வி என்கிறோமே தவிர, தமிழ் உந்து கல்வி என்று எவரும் சொல்வதில்லை, ‘வழி’ போதும். மேம்பாடு என்பது இருப்பதைச் சிறப்பாக்குவது. இல்லாததைச் செய்வது உருவாக்கம்.

எனவே மாடலுக்கு ‘வரைவுரு’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்: வரைவாகவே இருக்கும் உரு, அதிலிருந்து பிற உருக்கள் பிறக்கும். முழுத் தொடர் ‘வரைவுருவழிப் பயனர் இடைமுக உருவாக்கம்’ என்றாகும். நீளம்தான், ஆனால் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் செய்கிறது. ‘மாதிரி’ புள்ளியியல் பாடத்திலேயே இருக்கட்டும், அங்கே அதற்கு வேலை நிறைய இருக்கிறது.