எலுமிச்சை ஆயில் தடவிட்டு வெயில்ல போகாதீங்க

சின்ன வயசுல ஆரஞ்சு தோலை மடிச்சு பக்கத்துல இருக்கவன் கண்ணுக்கு நேரா பிதுக்கி விட்டிருப்போம்ல, அப்ப பீய்ச்சி அடிச்சு எரியுதே, அதுதான் இப்ப குட்டி பாட்டில்ல அடைச்சு அரோமாதெரபினு விக்கிற சிட்ரஸ் எசென்ஷியல் ஆயில். தோல்ல புள்ளி புள்ளியா தெரியுறது எல்லாமே எண்ணெய்ப் பை. ஆரஞ்சு ஆயில்ல 90 சதவீதத்துக்கு மேல லிமோனீன்ங்கிற வாசனைப் பொருள்தான், அது லேசுப்பட்ட சரக்கு இல்ல, ஒரு தெர்மாகோல் தட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாத்தேன், அப்படியே உள்வாங்கி குழி விழுந்துடுச்சு.

மோந்து பாக்குறதுல பெருசா பயம் இல்ல. வாசனை மூக்குல இருந்து மூளையில உணர்ச்சியைப் பாத்துக்குற பகுதிக்கு நேரா போகுது, அதனால டென்ஷன் கொஞ்சம் குறையுதுனு சின்ன அளவுல நடந்த சில ஆய்வுகள் சொல்லுது. அவ்ளோதான். நோய் தீரும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. டிஃப்யூசர்ல (வாசனையை ரூம்ல பரப்புற கருவி) போட்டா ஜன்னலைத் திறந்து வச்சு அரை மணி நேரம் ஓட விட்டு நிறுத்திடுங்க.

பிரச்சனை தோல்ல தடவும்போதுதான், அதுவும் பெர்கமாட்டுனு ஒரு பழம் இருக்கு, இத்தாலில கலாப்ரியா பக்கம் விளையுது, எர்ல் கிரே டீல வர்ற வாசனை அதோடதுதான், அந்த எண்ணெய்ல பெர்காப்டென்னு சோராலென் வகை பொருள் ஒண்ணு இருக்கு. சும்மா இருந்தா அது ஒண்ணும் பண்ணாது. வெயில்ல இருக்குற யுவி-ஏ கதிர் பட்டதும் தோல் செல்லோட டிஎன்ஏவைப் பிடிச்சு பூட்டு போட்ட மாதிரி ஒட்டிக்கும், செல்லு செத்துடும். உடனே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு செவந்து கொப்பளிச்சு, அப்புறம் கருப்பா திட்டு விழுந்து மாசக்கணக்குல போகாது. நம்ம ஊர் கார்போகரிசிலயும் சோராலென்தான், வெண்புள்ளிக்கு அதைக் கொடுத்து வெயில் காட்டுறது இதே விளையாட்டை அளவா ஆடுறதுதான்.

லெமன் (பெரிய மஞ்சள் எலுமிச்சை), லைம் (நம்ம ஊர் சின்ன எலுமிச்சை வகை), கிரேப்ஃப்ரூட் ஆயில்லயும் இந்த வேலை உண்டு, சாதா ஆரஞ்சுல கிடையாது. ஆனா சோராலென் கனமான மூலக்கூறு, ஆவியில ஏறாது, அதனால பழத்தோலைப் பிழிஞ்சு எடுத்த லைம் ஆயில்தான் சுடும், நீராவில வடிச்சது சுடாது. வாங்கும்போது லேபிள்ல அதைப் பாருங்க. தடவிட்டு கழுவாம தோல்லயே விடுற பொருளுக்கு வாசனைத் தொழில்காரங்க வச்சிருக்க கணக்கு பெர்கமாட்டுக்கு 0.4 சதவீதம், லெமனுக்கு 2 சதவீதம். அதாவது 30 மில்லி தேங்காயெண்ணெய்க்கு பெர்கமாட் ரெண்டே சொட்டு! அதுக்கு மேல போச்சுன்னா பன்னெண்டு மணி நேரமாவது வெயில் பக்கம் போகாதீங்க.

இன்னொண்ணு பழைய பாட்டில். லிமோனீன் காத்து பட்டு பட்டு ஹைட்ரோபெராக்சைடுங்கிற வேற பொருளா மாறும், அரிப்பும் அலர்ஜியும் கொடுக்குறது அதுதான், புது எண்ணெய் இல்ல. மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜ்ல வைங்க, திறந்து ஒரு வருஷம் ஆச்சுன்னா, இல்ல வாசனை பெயின்ட் தின்னர் மாதிரி அடிச்சா, தோலுக்கு வேணாம், தரை துடைக்குற தண்ணில விட்டுடுங்க. வீட்ல பூனை இருந்தா அதுவும் வேணாம், பூனையோட ஈரலுக்கு இதை எல்லாம் செரிச்சு வெளியேத்தத் தெரியாது, தரையில நடந்துட்டு பாதத்தை நக்கும்.