ஒரே ஊசி, இரண்டு கணக்கு

2025 ஜனவரியில் எங்கள் நாய் மணிக்குத் தடுப்பூசி போடப் போனபோது டாக்டர் மேசைமேல் இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் தெளிந்த திரவம். இன்னொன்றின் அடியில் உடைந்த சாக்பீஸ்போல் ஒட்டிக்கிடந்த வெள்ளை வில்லை. திரவத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி வில்லை இருந்த குப்பிக்குள் செலுத்தினார், உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டினார். கரைந்ததும் அதையே திரும்ப உறிஞ்சி, மணியின் பிடரித்தோலைத் தூக்கிப்பிடித்துப் போட்டுவிட்டார். இரண்டு குப்பிகளின் லேபிளையும் உரித்துத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டினார். "எதுக்கு டாக்டர் ரெண்டு குப்பி?" என்று கேட்டேன். நாய்க்கு எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது.

வெள்ளை வில்லைக்குள் இருப்பவை மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர், குடலைத் தாக்கும் பார்வோ, கல்லீரலைத் தாக்கும் அடினோ ஆகிய நோய்களுக்கான வைரஸ்கள். உயிருள்ளவைதான், ஆனால் வீரியம் குறைக்கப்பட்டவை. கெடாமல் இருக்க உறையவைத்து உலர்த்தியிருக்கிறார்கள். உடம்புக்குள் போனதும் இவை கொஞ்சம் பெருகும். நாயின் உடம்பு இதை உண்மையான தொற்றாகவே எடுத்துக்கொண்டு முழு மூச்சில் எதிர்க்கும். அந்தச் சண்டையில் உருவாகும் நினைவு செல்கள் பல ஆண்டுகள் நிலைக்கும். எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்கும் செல்கள், மறுபடி ஊசி போடாமலே எதிர்ப்பொருளை, அதாவது கிருமியைத் தடுக்கும் புரதத்தை, சுரந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு காலம்? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஷுல்ட்ஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தடுப்பூசி போட்ட நாய்களை ஆண்டுக்கணக்கில் தொற்றே படாமல் வைத்திருந்து, பிறகு நிஜ வைரஸைக் கொடுத்துப் பார்த்தார். பார்வோ போன்றவற்றுக்கு 7 ஆண்டுகள் கழித்தும் பாதுகாப்பு இருந்தது. வருஷா வருஷம் போடும் பழக்கம் வந்த காலத்தில் இவ்வளவு நீண்ட சோதனைகள் கிடையாது. இன்று உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், வளர்ந்த நாய்க்கு இந்த மூன்றையும் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டாம் என்கிறது.

திரவக் குப்பியின் கதை வேறு. அதில் இருப்பது லெப்டோஸ்பைரா, அதாவது எலிக்காய்ச்சல் பாக்டீரியா, கொல்லப்பட்ட நிலையில். செத்த கிருமி உடம்பில் பெருகாது. உடம்பு அதைப் பார்க்கும், எதிர்ப்பொருள் தயாரிக்கும், ஆனால் ஏறக்குறைய ஓராண்டுக்குமேல் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. முதல்முறை 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ், அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. நம் ஊர் நாய்க்கு இது கட்டாயம் வேண்டும் என்பேன். மழை பெய்து தெருவில் தண்ணீர் தேங்கினால், எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீரில்தான் நாய் நடக்கிறது, சில சமயம் நக்கியும் குடிக்கிறது. நாயின் சிறுநீரகத்தில் குடியேறும் கிருமி, அதன் சிறுநீர் வழியாக வீட்டு மனிதர்களுக்கும் வரும்.

ஆக, ஒரே சிரிஞ்சில் ஏறினாலும் ஒன்றின் கணக்கு மூன்று வருஷம், மற்றதின் கணக்கு ஒரு வருஷம். லெப்டோவுக்குத் தனி ஊசியும் உண்டு என்பதால் இரண்டையும் எப்போதும் சேர்த்தே போட வேண்டியதில்லை.

குட்டிகளின் கணக்குதான் பலரையும் குழப்புகிறது. எங்கள் எதிர்வீட்டில் ஒரு லேப்ரடார் குட்டி இருந்தது. பத்து வாரம். இரண்டு ஊசி போட்டாயிற்று என்ற தைரியத்தில் தெருமுனை வரை நடக்கவிட்டார்கள். ஐந்தாறு நாளில் வாந்தி, பிறகு ரத்தக் கழிச்சல். பார்வோ. டிரிப்ஸ் ஏற்றியும் நான்காம் நாள் போய்விட்டது. ஊசி சரியில்லை என்று அந்த வீட்டம்மா இன்றும் நினைக்கிறார். ஊசி நல்லதாகவே இருந்திருந்தாலும் இப்படி நடக்கும்.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள் குட்டிக்கு வந்துவிடும். முதல் சில வாரங்களுக்கு அதுதான் கவசம். ஆனால் ஊசியில் இருக்கும் வைரஸையும் அந்தக் கவசம் அழித்துவிடும். குட்டியின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போகும். தாய் கொடுத்தது ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். நடுவில் ஒரு பொல்லாத இடைவெளி வருகிறது. தெருவில் இருக்கும் வைரஸைத் தடுக்கும் அளவுக்குக் கவசம் போதாது, ஊசியைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் மிச்சமிருக்கும். எந்தக் குட்டிக்கு அது எந்த வாரத்தில் வரும் என்பதை வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே மாறும், ஏனென்றால் எல்லாம் ஒரே அளவு சீம்பால் குடிப்பதில்லை.

அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும் வரை போடுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பலம் சேர்ப்பது இதன் நோக்கம் இல்லை. கவசம் விலகிய பிறகு ஒரு ஊசியாவது உள்ளே போய் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். கடைசி டோஸ் 16 வாரத்துக்கு முன்னால் முடிந்துவிட்டால், எத்தனை போட்டிருந்தாலும் நம்பக்கூடாது. அதற்குப் பிறகும் ஊசி பலிக்காமல் போன குட்டிகளுக்காக 6 மாத வயதில் இன்னொன்று போடுகிறார்கள். முன்பு இதை ஒரு வயதில் போட்டுவந்தார்கள். ஊசி பலிக்காத குட்டி அதுவரை பாதுகாப்பில்லாமல் திரியும் என்பதால் அதை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ரேபிஸ் ஊசியில் இருப்பதும் கொல்லப்பட்ட வைரஸ்தான். ஆனால் எதிர்ப்பைத் தூண்டிவிட அலுமினிய உப்பும் சேர்ப்பதால் நன்றாகவே நிலைக்கிறது. சில தயாரிப்புகளுக்கு 3 ஆண்டு என்றே பல நாடுகளில் அனுமதி உண்டு. நம் ஊரில் மூன்று மாத வயதில் ஒன்று, சில வாரத்தில் இன்னொன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்பதுதான் நடைமுறை. இதில் நான் மூன்று வருஷக் கணக்குப் பேச மாட்டேன். அறிகுறி வந்துவிட்டால் நாயோ மனிதரோ பிழைப்பது அரிதிலும் அரிது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, பெரும்பாலும் நாய்க்கடியால். ஊசி போட்ட நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் நாயைத் தெருநாய் கடித்தால், "போன மாசம்தானே போட்டோம்" என்று இருந்துவிடாமல் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தக் குப்பிகள் எல்லாம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. மெடிக்கலில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் பைக்கில் போனால் வில்லையில் உள்ள வைரஸ் வீணாகிவிடும். ரேபிஸ் குப்பியை ஃப்ரீசரில் வைத்தால் அதுவும் கெட்டுவிடும். புத்தகத்தில் லேபிள் மட்டும் அழகாக ஒட்டியிருக்கும்.

சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கலாம். பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ மூன்றுக்கும் அது நம்பகமான சோதனை. லெப்டோவுக்கு உதவாது. மூன்று வருஷ ஊசி சில மாதம் தள்ளிப்போயிருந்தால் பதற வேண்டாம். வளர்ந்த நாய்க்கு ஒரே டோஸ் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

மணியின் புத்தகத்தில் வெள்ளை வில்லையின் லேபிளுக்குப் பக்கத்தில் டாக்டர் 2028 ஜனவரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். லெப்டோவையும் ரேபிஸையும் செப்டம்பருக்கு மாற்றிக்கொண்டோம். ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதற்குள் இரண்டும் ஏறியிருக்கும்.