லைன் எங்கே அறுந்தது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழை பெரும்பாலும் இடியோடுதான் வரும். இடி ஓய்ந்ததும் எங்கள் தாமானில் யாராவது ஒருவர் “லைன் போச்சு” என்பார், இணைய லைனைத்தான். அன்றைக்கு வந்தது சமையல் ஆர்டர் எடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா.

“மோடத்துல விளக்கெல்லாம் பச்சையாத்தான் எரியுது தம்பி. ஆனா கம்ப்யூட்டர்ல ஒண்ணும் திறக்கல.”

லைன் என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே கம்பி இல்லை. கணினி, தகவலை வழி பார்த்து அனுப்பும் வீட்டு ரூட்டர், இணைய நிறுவனத்தின் ரூட்டர்கள், அப்புறம் நாம் தேடிப் போகும் தளம் என்று பல கண்ணிகள் கோத்த சங்கிலி அது. எந்தக் கண்ணி விட்டதென்று தெரியாமல் மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதில் பயன் குறைவு. விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்தால் கணினியிடமே கேட்டுவிடலாம்.

முதலில் ‘பிங்’. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கிராணி பேரைக் கூப்பிடுவார், ஆள் இருந்தால் குரல் வரும். பிங்கும் ஒரு சிறு தகவல் பொட்டலத்தை அனுப்பி, பதில் எத்தனை மில்லிநொடியில் வந்தது என்று அளக்கிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகமொன்றில் மைக் மூஸ் இதை எழுதினார். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவியின் ஒலிதான் பெயராயிற்று.

அக்காவின் கணினியிலிருந்து 192.168.1.1 என்ற வீட்டு ரூட்டரைக் கூப்பிட்டேன். நான்கு முறையும் 2 மில்லிநொடியில் பதில். சரி, கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே கோளாறு இல்லை. அடுத்து வெளியே, கூகிளின் 8.8.8.8 என்ற முகவரி. அதுவும் பதில் சொன்னது. அப்படியென்றால் லைன் போகவே இல்லை! கடைசியாக எண்ணை விட்டு, ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். அப்படி ஒரு முகவரியே கிடைக்கவில்லை என்றது திரை.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அக்கா வீட்டு ரூட்டரில் யாரோ எப்போதோ பதித்த டிஎன்எஸ் முகவரி ஒன்று செத்துப்போயிருந்தது. சாலை நன்றாக இருந்தும் வீட்டு விலாசம் தெரியாமல் நின்ற கதைதான். முகவரியை மாற்றியதும் எல்லாம் திறந்தது.

வெளியே பதில் வராதபோதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டளை வேண்டும்: டிரேஸ்ரூட் (விண்டோஸில் tracert என்று தட்ட வேண்டும்). ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் எண் இருக்கும். கடக்கும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூஜ்யமானால் அந்த ரூட்டர் பொட்டலத்தை எறிந்துவிட்டு, “இங்கே முடிந்தது” என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழிதவறிய பொட்டலங்கள் வலைக்குள் ஓயாமல் சுற்றக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. அதையே அமெரிக்கக் கணினி விஞ்ஞானி வான் ஜேக்கப்சன் 1980களின் கடைசியில் வழிகாட்டியாக்கினார். எண்ணை 1 என்று வைத்து அனுப்பினால் முதல் ரூட்டர் தன் முகவரியைச் சொல்கிறது, 2 என்றால் இரண்டாவது. இப்படியே போனால் பாதை முழுதும் வரிவரியாகத் திரையில் விழும். மரணச் செய்திகளைச் சேர்த்தே வரைபடம் போட்ட அந்த மூளையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

நடுவில் ஒரு வரியில் நட்சத்திரக் குறிகள் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். சில ரூட்டர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் தருவதில்லை. அதற்கு அப்பால் உள்ளவை பதில் சொன்னால் பாதை நன்றாகவே இருக்கிறது. ஒரு வரிக்குப் பிறகு கடைசி வரை நட்சத்திரமே என்றால்தான் சந்தேகிக்க வேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். போய்வர 5 மில்லிநொடியாவது ஆகும், அதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது. ஆனால் வீட்டு ரூட்டருக்கே 400, 500 என்று துள்ளினால் கோளாறு வெளியே இல்லை, பெரும்பாலும் வீட்டு வைஃபையில்தான். ரூட்டரைத் தகரச் சுவருக்குப் பின்னாலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் வையுங்கள்.

வெளியேதான் கோளாறு என்று தெரிந்தால், புகார் கொடுக்கும்போது “லைன் இல்லை” என்று நிறுத்தாதீர்கள். “ரூட்டர் பதில் சொல்கிறது, டிரேஸ்ரூட்டில் மூன்றாவது வரிக்குப் பிறகு ஒன்றுமில்லை, ராத்திரி 7.40லிருந்து இப்படி” என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் உடனே பேனாவை எடுப்பார்.