ஆண்ட்ராய்டு என்றால் பொறிப்பாவை

'கியோத்தோ கோயிலில் ஆண்ட்ராய்டு உபதேசம்' என்று ஒரு தலைப்பைப் படித்தால் பாதிப் பேருக்குக் கைப்பேசிதான் நினைவுக்கு வரும். கூகுள் செய்த வேலை அது. சொல்லுக்கு வயது அதிகம். 1728இல் லண்டனில் வெளியான எஃப்ரைம் சேம்பர்ஸின் கலைக்களஞ்சியத்திலேயே, மனித உருவில் செய்த தானியங்கிப் பொம்மைக்கு இந்தப் பெயர் இருக்கிறது.

பிரித்தால் இரண்டு கிரேக்கத் துண்டுகள். 'ஆண்ட்ர்' என்றால் ஆண். 'எய்தோஸ்' என்றால் உருவம். (நம் 'ஆண்' கிரேக்கத்துக்குப் போய்விட்டது என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒலி ஒத்துப்போவது தற்செயல்.) மனிதர் என்று பொதுவாகச் சொல்லக் கிரேக்கத்தில் 'ஆந்த்ரோப்போஸ்' இருக்க, இந்தச் சொல் ஆணைப் பிடித்துக்கொண்டது. பெண் உருவத்துக்குக் 'கைனாய்டு' என்று ஒன்றைப் பிறகு உண்டாக்கிப் பார்த்தார்கள், பெரிதாக ஓடவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் பேர் வாங்கிய ஆண்ட்ராய்டுகளில் பல பெண் உருவங்கள்.

ரோபோ வேறு, ஆண்ட்ராய்டு வேறு. 'ரோபோ'வுக்கு வேர் செக் மொழியின் 'ரொபோட்டா', அதாவது கட்டாய உழைப்பு. காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்துக்காக அவர் அண்ணன் யோசெஃப் எடுத்துக் கொடுத்த சொல். அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பால் ஆனவையே இல்லை, பார்த்தால் மனிதர்கள்தான். 1924இல் தோக்கியோவில் அது மேடையேறியபோது ஜப்பானியர் வைத்த பெயர் 'ஜின்ஸோ நிங்கென்', செயற்கை மனிதன். இன்னொரு சொல் 'ஹியூமனாய்டு'. இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை இருந்தால் போதும். ஹோண்டா 2000இல் காட்டிய அசிமோவுக்குத் தலைக்கவசம் மாட்டியது போல ஒரு முகம். அது ஹியூமனாய்டு. தோல், இமை, உதடு எல்லாம் வைத்து, தூரத்தில் பார்த்தால் ஆள் என்றே நம்ப வைப்பது ஆண்ட்ராய்டு.

இதற்கு ஜப்பானியரிடம் பழைய சொல் ஒன்று கையோடு இருக்கிறது: 'நிங்யோ'. பொம்மை என்று பொருள். எழுதும்போது இரண்டு எழுத்துகள்: ஒன்று மனிதர், மற்றது வடிவம். கிரேக்கச் சொல்லில் உள்ளதும் கிட்டத்தட்ட அதுதான், ஆண் என்ற தொல்லை மட்டும் இல்லை. ஜப்பானின் 'எதோ' காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) 'கராகுரி நிங்யோ' என்ற விசைப் பொம்மைகள் இருந்தன. தட்டில் தேநீர்க் கிண்ணத்தை வைத்தால் விருந்தாளியை நோக்கி நடந்துபோகும், கிண்ணத்தை எடுத்தால் நின்றுவிடும்.

இன்றைய வடிவங்களில் பெரும்பாலானவை ஒசாகா பல்கலைக்கழகத்தின் ரோபோ ஆய்வாளர் ஹிரோஷி இஷிகுரோவோடு சேர்ந்தவை. 2006இல் தன்னையே அச்சு எடுத்தது போல ஒன்றைச் செய்து 'ஜெமினாய்டு' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'ஜெமினுஸ்' இரட்டையர். சிலிக்கோன் தோலுக்கு அடியில் காற்றழுத்தத்தால் முகம் அசையும். தானாகப் பேசாது. வேறு அறையில் ஒருவர் பேச, அவர் உதட்டசைவு இதற்கு வரும். நடக்கவும் நடக்காது. இந்தக் குறையைச் சுற்றித்தான் மேடைக் கலை வளர்ந்தது என்பது என் எண்ணம். நாடக ஆசிரியர் ஒரிஸா ஹிராத்தா 2010இல் 'சயோனாரா' நாடகத்தில் பெண் உருவ ஜெமினாய்டை நாற்காலியில் உட்காரவைத்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணுக்குக் கவிதை சொல்ல வைத்தார். 2012இல் ராகுகோ மேதை கத்சுரா பெய்ச்சோவின் ஆண்ட்ராய்டு மேடைக்கு வந்தது. ராகுகோ என்பது மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்தபடியே கதை சொல்லும் கலை. கால் வராத கலைஞருக்கு இதைவிடத் தோதான மேடை ஏது? நடந்து, பாடி, ஆடியதும் உண்டு. 2009இல் வந்த எச்.ஆர்.பி-4சி என்ற பெண் உருவம் அப்படி, 158 செ.மீ. உயரம், 43 கிலோ. கியோத்தோவின் கோதாய்ஜி கோயிலில் 2019 முதல் உபதேசம் செய்யும் மிந்தார், பௌத்தர்கள் கருணை வடிவாக வணங்கும் போதிசத்துவரான கன்னோனின் உருவம். அதற்கு முகம், கை, தோள்பட்டை மட்டும்தான் தோல், மற்ற இடமெல்லாம் உலோகம் அப்படியே தெரியும்.

துணைக்கு என்று வந்தால் கதை மாறுகிறது. முதியோர் இல்லங்களில் மடியில் ஏறியது ஆள் போன்ற உருவம் இல்லை, பாரோ என்ற கடல்நாய்க்குட்டி பொம்மை. இஷிகுரோவே 2010இல் டெலிநாய்டு என்று வயதும் பாலும் தெரியாத, காலில்லாத, கட்டிப்பிடிக்கத் தோதான ஒன்றைச் செய்தார். ஏன் என்பதை ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970லேயே சொல்லிவிட்டார்: உருவம் மனிதச் சாயலை நெருங்க நெருங்கப் பிரியம் கூடும், மிக நெருங்கிய இடத்தில் திடீரென்று குலை நடுங்கும். அவர் வைத்த பெயர் 'புகிமி நோ தானி', அமானுஷ்யப் பள்ளத்தாக்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இயந்திர மனிதன்' அகலமான சொல், அசிமோவும் அதற்குள் வந்துவிடும். 2010 ரஜினி படத்துக்குப் பிறகு 'எந்திரன்' ஊரறிந்த சொல். ஆனால் அந்த 'ன்' விகுதி, கிரேக்கம் செய்த அதே வேலையைத் தமிழில் செய்கிறது. 'மனிதவுரு' ஹியூமனாய்டுக்குப் பொருந்தும்.

நான் சொல்வது 'பொறிப்பாவை'. பொறி இயந்திரம், ஐம்பொறி என்கையில் புலனும் அதுவே. பாவை பொம்மை, சிலை, பெண், கண்ணின் மணி. பெண் என்ற சாயல் இருக்கிறதே என்பார்கள். தோற்பாவைக் கூத்தில் ராமனும் ராவணனும் பாவைகள்தான். திருக்குறளின் 1020ஆம் குறள் இன்னும் நெருங்கிவருகிறது: 'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை / நாணால் உயிர்மருட்டி அற்று'. மனதில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றில் ஆடும் மரப்பொம்மை உயிர் இருப்பதாக மயக்குவது போல. ஆண்ட்ராய்டின் தொழிலே உயிர்மருட்டுவதுதானே. அப்புறம் கொல்லிப்பாவை இருக்கிறது. கொல்லிமலையில் தெய்வம் செய்துவைத்தது, சிரித்து மயக்கிக் கொல்லும் என்பது கதை. மோரியின் தானிக்கு 'மருள் பள்ளம்' என்று வைத்தால் இந்தக் குடும்பத்தோடு ஒட்டும்.

கைப்பேசிக்கு ஆண்ட்ராய்டு அப்படியே இருக்கட்டும், அது வணிகப் பெயர்.

ஒரு சிக்கல் எனக்கு இன்னும் தீரவில்லை. திணை. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்று தொல்காப்பியம் கோடு போட்டுவிட்டது. அதனால் பொறிப்பாவை 'சொன்னது' என்றுதான் எழுதுகிறேன். மிந்தாரிடம் வரும்போதே கை கொஞ்சம் தயங்கும். பெய்ச்சோவின் பாவைக்கு வரும்போது, 'கதை சொன்னது' என்று எழுதிவிட்டு, அடித்து 'சொன்னார்' என்று திருத்தி, மறுபடி அடித்திருக்கிறேன்.