எலும்பு அப்படியே இருக்கும், வலி அடங்கும்

தொண்டையில் மீன்முள் சிக்கினாற்போல உறுத்தல், எச்சில் விழுங்கினால்கூட காது வரைக்கும் பாயும் வலி, கடைசியில் சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு ஈகிள் சிண்ட்ரோம் என்கிறார்கள், ஆபரேஷன் இல்லாமல் தீருமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பலருக்கு வலி அடங்கும்.

காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து இறங்கும் ஸ்டைலாய்டு என்கிற எலும்புக்கூர் சாதாரணமாக 2.5 செ.மீ. இருக்கும், 3 செ.மீ.யைத் தாண்டினால் நீளம் என்று கணக்கு. அதனால் வரும் வலியை 1937இல் விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள். கூர் நீண்டிருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வலியே கிடையாது. அதனால் ஸ்கேனை மட்டும் நம்பாமல், டான்சில் குழியில் விரலால் அழுத்தினால் அதே வலி கிளம்புகிறதா, அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டால் அடங்குகிறதா என்றும் பார்ப்பார்கள்.

கூருக்குப் பக்கத்தில்தான் ஒன்பதாவது மண்டை நரம்பு போகிறது. அதன் கிளை ஒன்று நடுக்காதுக்கும் போவதால்தான் தொண்டையில் உரசினால் காது வலிக்கிறது. எலும்பைத் தொடாமல் இந்த நரம்பை அடக்கத்தான் கார்பமாசெபைன், காபாபென்டின் மாத்திரைகள்.

கார்பமாசெபைன் வேலை செய்யும் விதம் எனக்கு இன்றைக்கும் வியப்புதான். நரம்பில் ஒரு துடிப்பு ஓட வேண்டுமென்றால் சோடியத்தை உள்ளே விடும் நுண்ணிய வாயில்கள் திறக்க வேண்டும். திறந்த வாயில் உடனே செயலிழந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். மருந்து போய் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்தச் செயலிழந்த நிலையில் இருக்கும் வாயிலில்தான். நிதானமாகத் துடிக்கும் நரம்பில் அப்படிப்பட்ட வாயில்கள் குறைவு, அதை மருந்து அதிகம் தொந்தரவு செய்யாது. வெறிபிடித்தாற்போல அடுத்தடுத்துத் துடிக்கும் நரம்பில் அவை ஏராளம், அங்கே பிடி இறுகும். வலி எங்கே என்று மாத்திரைக்குத் தெரியாது, ஆனாலும் அதிகமாகத் துடிக்கிற நரம்பைத்தான் அது அதிகமாக அடக்குகிறது!

டாக்டர் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார். தூக்கம், தலைசுற்றல் வரலாம், ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆசியர்கள் சிலரிடம் இருக்கும் ஒரு மரபணு வகையால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். வீக்கத்துக்கு மாத்திரை, டான்சில் குழியில் மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு ஊசி, இவையும் உண்டு. எது யாருக்கு நல்லது என்று சொல்லப் பெரிய ஆய்வுகள் இல்லை, இருப்பதெல்லாம் சிறு சிறு மருத்துவ அறிக்கைகள். அரிய நோய்க்கு கம்பெனிகள் பணம் போடாது, அரசுதான் போட வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குத் தொக்கம் எடுக்கவும் கழுத்து நீவவும் போகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து போகாதீர்கள். அந்தக் கூரை ஒட்டித்தான் மூளைக்குப் போகும் கரோடிட் தமனியும் ஓடுகிறது. கழுத்தைத் திருப்பும்போது மயக்கம் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்; ஒரு பக்கம் கைகால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே 108.