நாரை: கழுத்தை நீட்டிப் பறப்பது

மாலையில் வெள்ளைப் பறவைக் கூட்டம் தலைக்கு மேலே போனால் விரல்களை ஆட்டிக்கொண்டு “கொக்கே கொக்கே பூப்போடு” என்று கத்துவோம். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் கொக்கு போட்ட பூ. நாரையிடம் யாரும் பூக் கேட்டதில்லை. “கொக்கென்று நினைத்தாயா கொங்கணவா” என்பதும், தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிப்பதும் கொக்கை வைத்துத்தான். வயலில் மாட்டின் பின்னாலேயே திரிவதால் கொக்கு பேச்சுக்குள் வந்துவிட்டது. நாரை கொஞ்சம் தள்ளி, ஏரி நடுவிலும் உயர்ந்த மரத்திலும் இருந்தது.

இன்று எழுதுகிறவர்களுக்கு இந்தத் தூரம் மறந்துவிட்டது. நீண்ட காலுடன் தண்ணீரில் நிற்கும் எதுவும் ஒரு நாள் கொக்கு, மறுநாள் நாரை. குழந்தையைத் துணியில் கட்டித் தூக்கிவரும் ஐரோப்பியக் கதைப் பறவை தமிழுக்கு வரும்போது கொக்காகிவிடுகிறது. நம் ஊர் உண்ணிக்கொக்கு மூன்று கிலோக் குழந்தையைத் தூக்குவதை நினைத்துப் பாருங்கள். அது நாரை.

பழந்தமிழில் கொக்கு, குருகு, நாரை மூன்றும் உண்டு. தலைச்சங்கத்தில் பாடப்பட்டவை என்று இறையனார் களவியல் உரை சொல்லும் பட்டியலில் முதுநாரை, முதுகுருகு என்று இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. நூல்கள் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்ற நினைப்பு அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

குருகு பொதுவாகப் பறவையையும் குறிக்கும், வளையலையும் குறிக்கும். குறுந்தொகையில் கபிலர் காட்டும் குருகுக்கு “தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால்”; ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கிறது. பச்சை ஓடிய மெல்லிய கால், அசையாமல் நிற்கும் குணம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு நம் மடையான்தான் தெரிகிறது. குருட்டுக் கொக்கு என்பார்களே, அது. இன்றைய பறவை நோக்கர்கள் மஞ்சள் குருகு, செங்குருகு, கருங்குருகு என்று நாணலுக்குள் ஒளிந்து வாழும் கொக்கினத்துக்கு இந்தச் சொல்லை ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

நாரைக்கு வந்தால், சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடலைத் தாண்டிப் போக முடியாது. “பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்” என்று கூப்பிடுகிறார். பனங்கிழங்கை நெடுக இரண்டாகப் பிளந்து வைத்துப் பார்த்தவருக்கு அந்த அலகின் வடிவம் விளங்கும். தென்திசைக் குமரியாடி வடதிசைக்குத் திரும்பும் பறவை என்கிறார். சிவந்த அலகு, சிவந்த கால், வடக்கிலிருந்து வலசை: அப்படியே ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டும் வெள்ளை நாரை. குழந்தை தூக்கும் கதைக்குரிய பறவையும் இதேதான்! செங்கால் நாரை என்ற பெயர் கையிலேயே இருக்க, கொக்கைக் கூப்பிடுவானேன்?

அந்தச் செங்கால் வெயில் ஏறினால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். நாரைகள் தம் கால்மீதே எச்சமிட்டுக்கொள்ளும். ஈரம் உலரும்போது காலில் ஓடும் இரத்தம் குளிர்ந்து உடம்புச் சூடு தணியும். அந்தக் காலில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

கொக்கையும் நாரையையும் பிரிக்க எளிய வழி, பறக்கும்போது பார்ப்பது. கொக்கு கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறக்கும். நாரை கழுத்தை முன்னால் நீட்டிப் பறக்கும். கொக்கு கரகரவென்று கத்தும். வளர்ந்த நாரைக்கு அநேகமாகக் குரலே இல்லை, அலகைத் தட்டித்தான் ஓசை எழுப்பும்.

இரை தேடுவதும் வேறு. வள்ளுவர் “கூம்பும் பருவம்” என்று சொன்ன கொக்கு கண்ணால் பார்த்துக் குத்தும். மஞ்சள் மூக்கு நாரைக்குக் கண் வேண்டாம். பாதி திறந்த அலகைக் கலங்கல் நீருக்குள் விட்டபடி நடக்கும், காலால் சேற்றைக் கிளறும், மீன் உரசிய நொடியில் அலகு மூடிக்கொள்ளும். சங்குவளை நாரை என்பதும் இதுவே. நத்தை குத்தி நாரைக்கு அலகின் நடுவே இடைவெளி உண்டு. குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் விழும். பெயரிலேயே தொழில் இருக்கிறது.

நடந்தே மேய்கிற இவற்றுக்குக் கால் எட்டும் ஆழம் போதும், அதற்கு மேல் நீர் ஆகாது. ஏரியின் கரையோரச் சரிவை வெட்டி ஒரே கிண்ணமாக ஆழப்படுத்தினால் தண்ணீர் நிற்கும், நாரை நிற்காது.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தங்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு கட்டுகின்றன. இவை சைபீரியாவிலிருந்து வருவதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லை, இந்த மண்ணிலேயே பிறந்து வளரும் பறவைகள்.

அண்டை மொழியையும் பார்க்கலாம். மண்டியா மாவட்டத்தில் கொக்கரே பெள்ளூர் என்று ஓர் ஊர். நம் கொக்குக்கு உறவான கன்னடச் சொல்தான் கொக்கரே; ஆனால் அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது இதே மஞ்சள் மூக்கு நாரை. நாம் நாரை என்பதை அவர்கள் கொக்கரே என்கிறார்கள். ஆக, ஊர் வழக்கில் இந்தச் சொற்கள் குடும்பம் பார்த்துப் பிறந்தவை அல்ல. தமிழிலும் அளவுதான் கணக்கு: குட்டையானது கொக்கு, நெட்டையானது நாரை. சாம்பல் நாரை, செந்நாரை என்று நாம் சொல்பவை உண்மையில் கொக்குக் குடும்பம். கழுத்தை மடித்துத்தான் பறக்கின்றன. பூநாரையோ இரண்டிலும் சேராது. தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டித் தின்னும் தனிக் குடும்பம். இந்தப் பெயர்களை மாற்றச் சொல்ல மாட்டேன். ஊர் வாயில் பழகியதைத் திருத்தினால் குழப்பம்தான் கூடும். அடைமொழி இல்லாமல் வெறும் நாரை என்று எழுதும்போது மட்டும் கழுத்தை நீட்டிப் பறக்கும் இனத்தை மனத்தில் வைத்தால் போதும்.

இடிக்கும் இடம் ஒன்றுண்டு. வட இந்தியாவின் சாரசம், பரத்பூருக்கு 2002 வரை வந்த சைபீரியப் பறவை, ஜப்பானியர் காகிதத்தில் மடிக்கும் பறவை ஆகியவை கொக்கும் அல்ல, நாரையும் அல்ல. மரத்தில் தங்காமல் சதுப்பிலேயே கூடு கட்டி, எக்காளம்போல் ஒலி எழுப்பும் வேறு குடும்பம். பெருங்கொக்கு என்று எழுதுகிறார்கள். எனக்கும் அதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை. சாரசப் பெருங்கொக்கு, சைபீரியப் பெருங்கொக்கு என்றால் குழப்பமில்லை. காகிதக் கொக்கை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். உள்ளங்கை அளவுதானே இருக்கிறது.