படிப்பைப் பாதியில் விட்டவருக்கு இங்கிலாந்தில் மறுபடி மாணவர் கடன் கிடைக்குமா?

பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும். எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்பதில்தான் சிக்கல். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் யூனிவர்சிட்டி கொடுத்த இடத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, செப்டம்பரில் முதல் வருடக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள் என்று தகவல் வந்ததும் திகைத்துப் போகிறவர்கள் நிறைய.

முதலில் ஒரு எல்லை. இங்கே சொல்வதெல்லாம் ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து என்ற அரசு மாணவர் கடன் அமைப்பு கொடுக்கும் முழுநேர இளங்கலைக் கடனைப் பற்றியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்காரர்களுக்குத் தனித்தனி அமைப்பும் தனி விதிகளும் உண்டு. எங்கே போய்ப் படிக்கிறீர்கள் என்று பார்க்க மாட்டார்கள், படிப்புக்கு முன் வழக்கமாக எங்கே குடியிருந்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். லண்டன் பிள்ளை கிளாஸ்கோவில் படித்தாலும் இங்கிலாந்து விதிதான். குடியுரிமையோ நிரந்தர வதிவிட அனுமதியோ இருந்து, கோர்ஸ் தொடங்குவதற்கு முந்தைய 3 வருடம் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்த 3 வருடம் தேவையில்லை. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கடன் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். புதிதாகச் சேரப்போகும் கோர்ஸ் எத்தனை வருடமோ அதோடு 1 கூட்டுங்கள். முன்பு படித்த வருடங்களைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் உங்களுக்குக் கல்விக் கட்டணக் கடன் கிடைக்கும் வருடங்கள். அந்தக் கூடுதல் ஒன்றுதான் ஒருமுறை தப்பான கோர்ஸில் போய் விழுந்தவருக்கு அரசு தரும் இரண்டாவது வாய்ப்பு. 3 வருட கோர்ஸில் முதல் வருடத்திலேயே விட்டுவிட்டு இப்போது வேறொரு 3 வருட கோர்ஸில் சேர்கிறீர்கள் என்றால் 3 கூட்டல் 1 கழித்தல் 1, ஆக 3. முழுப் படிப்புக்கும் கடன் உண்டு, ஒரு கவலையும் இல்லை. இரண்டாம் வருடம் போய்விட்டு விட்டிருந்தால் மிச்சம் 2, ஒரு வருடம் துண்டு விழும். ஃபவுண்டேஷன் வருடத்தோடு (பட்டப்படிப்புக்குத் தயார்படுத்தும் தொடக்க வருடம்) சேர்ந்த 4 வருட கோர்ஸ் என்றால் 4 கூட்டல் 1 என்று தொடங்கும், ஆனால் படிக்க வேண்டியதும் 4 வருடம் என்பதால் துண்டு அதே அளவுதான் இருக்கும்.

இதில் பலர் ஏமாறுவது "ஒரு வருடம்" என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில். நீங்கள் அக்டோபர் கடைசியில் விட்டிருக்கலாம், இரண்டாம் வருடத்துக்கு நாலு நாள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்திருக்கலாம். வகுப்புக்குப் போயிருந்தால் அது ஒரு முழு வருடமாகவே எண்ணப்படும். பாதி, கால் என்றெல்லாம் கிடையாது. அந்த வருடம் பரீட்சையே எழுதவில்லை, கிரெடிட் (தேறிய பாடங்களுக்குத் தரும் புள்ளி) எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லியும் பயனில்லை. ஒரே வருடத்தை இரண்டு தடவை படித்திருந்தால் அது 2 வருடம்.

அடுத்தது, கடன் வாங்காமல் அப்பா கையிலிருந்து கட்டிய வருடமும் எண்ணிக்கையில் சேரும். வெளிநாட்டில் படித்ததும் சேரும். இது நம்மவர்களுக்கு முக்கியம்: ஊரில் பி.எஸ்சி. இரண்டு வருடம் படித்துவிட்டுப் பாதியில் இங்கே வந்தவரும், மாணவர் விசாவில் வந்து படிப்பை விட்டுவிட்டுப் பல வருடம் கழித்து நிரந்தர வதிவிடம் வாங்கியவரும் "நான் இந்த அரசாங்கத்திடம் ஒரு பென்னி கூட வாங்கவில்லையே" என்று நினைப்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இந்த விதி வாங்கிய பணத்தைப் பார்ப்பதில்லை, படித்த வருடத்தைத்தான் பார்க்கிறது. ஊரில் படித்துப் பட்டமே வாங்கியிருந்தால் கதை வேறு. இன்னொரு இளங்கலைக்குக் கட்டணக் கடன் பொதுவாகக் கிடைக்காது. மருத்துவம், நர்சிங் போன்ற சில படிப்புகளுக்கு மட்டும் விதிவிலக்குகள் இருக்கின்றன.

துண்டு விழும் வருடம் எது என்பதையும் கவனியுங்கள். கடன் கிடைக்கும் வருடங்களைக் கடைசியிலிருந்து ஒதுக்கிக்கொண்டு வருவார்கள், அதனால் கடன் இல்லாத வருடம் எப்போதும் கோர்ஸின் ஆரம்பத்தில்தான் வரும். முதல் வருடத்தைக் கடனில் படித்துக்கொண்டே வேலை பார்த்துக் கடைசி வருடத்துக்குச் சேர்த்து வைக்கலாம் என்ற திட்டம் இங்கே நடக்காது. 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சக் கட்டணம் 9,535 பவுண்ட், சேருவதற்கு முன்பே அதற்கு வழி தெரிந்திருக்க வேண்டும். பல யூனிவர்சிட்டிகள் தவணையில் கட்ட விடுகின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். இன்னொன்று, முன்பு படித்ததில் கிரெடிட் இருந்தால் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று அட்மிஷன் அலுவலகத்தில் கேளுங்கள். ஒத்த பாடம் என்றால் சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

கட்டணக் கடன் இல்லாத வருடத்திலும் வாழ்க்கைச் செலவுக்கான மெயின்டெனன்ஸ் கடன் பொதுவாகக் கிடைக்கும். இந்த வருடக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கட்டணக் கடன் இல்லை என்றதும் எல்லாமே இல்லை என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் உண்டு. விண்ணப்பம் போடுங்கள், அந்தப் பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும்.

அந்தக் கடனின் அளவு குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. திரும்பிப் படிக்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி. கல்வியாண்டின் முதல் நாளில் உங்களுக்கு 25 வயது ஆகியிருந்தால், அல்லது திருமணமாகியிருந்தால், அல்லது படிப்புக்கு முன் குறைந்தது 3 வருடம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்ந்திருந்தால் அப்பா அம்மா வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள். 18 வயதில் அப்பாவின் சம்பளத்தால் குறைந்த தொகை வாங்கியவர் 26 வயதில் கூடுதலாக வாங்கலாம். கணவனோ மனைவியோ கூட இருந்தால் அவருடைய வருமானத்தைக் கேட்பார்கள், அது தனி.

இனி, ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி. பாடம் பிடிக்கவில்லை, நண்பர்கள் இல்லை, ஊர் ஒத்துவரவில்லை என்றால் அதற்குத்தான் அந்தக் கூடுதல் ஒரு வருடம். அதற்கு மேல் எதுவும் கேட்க முடியாது. ஆனால் உடல்நோய், மனநோய், வீட்டில் மரணம், கர்ப்பம், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை, வீட்டில் வன்முறை மாதிரி உங்கள் கையில் இல்லாத காரணத்தால் விட நேர்ந்தது என்றால் தவிர்க்க முடியாத தனிப்பட்ட காரணம் என்று சொல்லி இன்னொரு வருடத்துக்குக் கட்டணக் கடன் கேட்கலாம். மேலே சொன்ன, இரண்டு வருடம் படித்துப் பாதியில் விட்டவருக்கு இது கிடைத்தால் துண்டே விழாது, 9,535 பவுண்ட் மிச்சம். இருந்தும் கேட்பவர்கள் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதிலும் நம் வீடுகளில். மகளுக்கு மன அழுத்தம் வந்து படிப்பு நின்றதை உறவினருக்கே சொல்லாமல் மூடி வைத்தவர்கள், அதை ஒரு அரசு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு விலை ஒரு வருடக் கட்டணம்.

சொன்னால் மட்டும் போதாது, சான்று வேண்டும். ஜிபி (குடும்ப மருத்துவர்), மருத்துவமனை, சமூகப் பணியாளர், யூனிவர்சிட்டியின் கவுன்சிலர் அல்லது பாடப் பொறுப்பாளர் இவர்களில் யாரிடமாவது கடிதம் வாங்குங்கள். "இவருக்கு மன அழுத்தம் இருக்கிறது" என்று ஒற்றை வரியில் இருக்கும் கடிதம் பலவீனமானது. எப்போது தொடங்கியது, எந்த மாதங்களில் கடுமையாக இருந்தது, அதனால்தான் படிப்பைத் தொடர முடியவில்லை என்று தேதிகளோடு இணைத்து எழுதியிருக்க வேண்டும். எந்தக் கல்வியாண்டு பாதிக்கப்பட்டதோ அந்த ஆண்டைக் கடிதம் குறிப்பிட வேண்டும். மரணம் என்றால் இறப்புச் சான்றிதழோடு நீங்கள் நடந்ததை விளக்கி எழுதிய கடிதத்தையும் வையுங்கள். மறுத்துவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், முதல் "இல்லை"யோடு நிறுத்த வேண்டியதில்லை.

பழைய பாக்கி என்ன ஆகும்? மெயின்டெனன்ஸ் கடன் ஒவ்வொரு டேர்ம் தொடக்கத்திலும் வரும். டேர்ம் நடுவில் விட்டால், விட்ட நாளுக்குப் பிறகான பணம் உங்களுக்கு உரியதல்ல, அதைக் கூடுதலாகக் கொடுத்த தொகை என்று எழுதி வைப்பார்கள். திரும்பிச் சேரும்போது வரப்போகும் பணத்தில் அதைப் பிடிக்கலாம். முதல் தவணை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்து வாடகை தடுமாறுவது இதனால்தான். விண்ணப்பிக்கும் முன்பே கடனைக் கொடுத்து வசூலிக்கும் ஸ்டூடண்ட் லோன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட ஏற்பாடு செய்யுங்கள். வழக்கமான கடன் பாக்கி நிற்பதே தடையாகாது. ஆனால் கட்ட வேண்டிய தவணையைக் கட்டாமல் ஏமாற்றி வைத்திருந்தால், உதாரணமாக வெளிநாட்டில் வேலை பார்த்து வருமானத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால், புதுக் கடன் தடைபடும்.

பழைய கடனும் புதுக் கடனும் திருப்பிக் கட்டுவதற்கான வேறு வேறு திட்டத்தில் விழலாம். 2012 செப்டம்பர் முதல் 2023 ஜூலை வரை தொடங்கிய கோர்ஸ் என்றால் பிளான் 2, 30 வருடத்தில் தள்ளுபடி. 2023 ஆகஸ்ட் முதல் தொடங்கியது பிளான் 5, 40 வருடம், வருட வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால் பிடித்தம். இரண்டும் இருந்தால் இரண்டு தடவை பிடிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். இரண்டில் குறைந்த வரம்புக்கு மேல் வரும் வருமானத்தில் 9 சதவீதம், ஒரே பிடித்தம்தான். 28,000 சம்பளம் என்றால் 25,000க்கு மேலுள்ள 3,000இல் 9 சதவீதம், வருடத்துக்கு 270 பவுண்ட்.

விண்ணப்பத்தில் முன்பு படித்ததைக் கேட்கும் இடத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைத்துப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய கடன் அவர்களிடமே பதிவாக இருக்கிறது. பின்னால் தெரிந்தால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். பழைய கணக்கிலேயே, பழைய வாடிக்கையாளர் எண்ணிலேயே உள்ளே போங்கள், புதுக் கணக்குத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். கல்வியாண்டு தொடங்கி 9 மாதம் வரை விண்ணப்பிக்க அனுமதி இருந்தாலும், முன்படிப்பு உள்ளவர்களின் விண்ணப்பம் மற்றவர்களுடையதைவிட மெதுவாக நகரும். அதனால் விண்ணப்பம் திறந்ததுமே போட்டுவிடுங்கள். யூனிவர்சிட்டியில் பண ஆலோசகர் ஒருவர் இருப்பார், இன்னும் சேராதவருக்கும் பெரும்பாலும் பதில் சொல்வார்கள். தொலைபேசியில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்லும் அலுவலகத்தைவிட அந்த ஆலோசகர் எனக்கு நம்பகமானவர்.

இந்த விதி மாறப்போகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். வாழ்நாள் கற்றல் உரிமை என்ற புது ஏற்பாட்டுக்கு 2026 செப்டம்பரில் விண்ணப்பம் தொடங்கும், 2027 ஜனவரி முதல் தொடங்கும் கோர்ஸ்களுக்கு அது பொருந்தும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் 4 வருடக் கட்டணத்துக்குச் சமமான ஒரு மொத்தத் தொகை, 2025-26 விலையில் 38,140 பவுண்ட். முன்பு வாங்கிய கடனுக்கு ஏற்ப அது குறையும். அதாவது கணக்கு வருடத்திலிருந்து பணத்துக்கு மாறுகிறது. சொந்தக் காசில் கட்டிப் படித்துப் பாதியில் விட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துச் சேர்ந்தால் லாபமா என்று பார்ப்பது நல்லது.

கடைசியாக, இன்னும் விடவில்லை, விடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. கட்டணம் டேர்ம் கணக்கில் ஏறும்: முதல் டேர்மில் விட்டால் 25 சதவீதம், இரண்டாவதில் 50, மூன்றாவது டேர்ம் தொடங்கிவிட்டால் முழுத்தொகை. ஈஸ்டர் விடுமுறைக்கு முன் முடிவெடுப்பதற்கும் பின் எடுப்பதற்கும் பாதிக் கட்டணம் வித்தியாசம். நோய் காரணம் என்றால் விலகுவதற்குப் பதில் இடைநிறுத்தம் கேளுங்கள். இடம் அப்படியே இருக்கும், முதல் 60 நாளுக்கு மெயின்டெனன்ஸ் பணமும் வரலாம். புதுக் கல்வியாண்டு தொடங்கும்போது, மனம் மாறுமா என்று பார்க்க இரண்டாம் வருடத்துக்குச் சும்மா போய் உட்காராதீர்கள். அந்த ஒரு வாரமும் எண்ணிக்கையில் ஒரு முழு வருடம்தான்.